ஔவை இல்லம் எழுந்த வரலாறு

1930ஆம் ஆண்டிலே, சென்னை மாநகரில், பெண் வைத்தியர் ஒருவரின் வீட்டு வாயிலுக்கு இளம் பெண்கள் சிலர் வந்து சேர்ந்தனர். அவர்கள் தேவதாசிக் குடும்பங்களிற் பிறந்தவர்கள். பொட்டுக் கட்டும் சடங்குக்கு இசையாது வெளியேறியவர்கள். கல்வி கற்றுப் பிழைக்க வேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. அந்நகரிலே பெண்களுக்கென விடுதிகள் இல்லாமலில்லை. ஆயினும், அவர்களுடைய பிறப்பைக் காரணங் காட்டி விடுதியினர் இடங்கொடுக்க மறுத்தனர். அன்றிரவு அவர்களுக்குப் படுக்க இடமும் உண்ண உணவும் அந்த வைத்தியரின் வீட்டிலேயே கிடைத்தன. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

பொட்டுக் கட்டுதல் என்பது சிறுமி ஒருத்தியைக் கோயிற் கடவுளுக்கு மணமகளாக ஒப்புவிக்கும் சடங்கு. ஆடலும் பாடலும் பயின்று, ஆலயத் தொண்டு புரிந்து, மானிய நிலத்தின் வருவாயில் வாழ்ந்த பெண்கள் முற்காலத்தில் மதிப்புடனேயே வாழ்ந்தனர். பெண்மக்களுக்குச் சொத்துரிமையும் எழுத்தறிவும் அக்குலத்தில் இருந்தன. ஆனால், அரசர்களின் ஆதரவு குன்றிக் கோயில்களின் செல்வம் சுருங்கியபோது நிலைமை மாறிற்று. மணவாழ்வுக்கு வழியடைக்கப்பட்ட பெண், செல்வர்களின் தயவை நம்பியே வாழ வேண்டியவளானாள். அத்தயவுக்கு விலை பேசப்பட்டது. ஏழைக் குடும்பங்களின் பெண் குழந்தைகளை விலைக்கு வாங்கித் தத்தெடுத்து, இத்தொழிலுக்கென வளர்ப்பதும் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களிலும் சின்ன மேளம் என்ற பெயரால் இக்குலத்தாரின் ஆடல் நடைபெற்றதையும், நல்லூரில் ஆறுமுக நாவலர் அதனைக் கண்டித்ததையும் இந்நாட்டு நேயர்கள் அறிவர்.

சட்டம் முற்றாக உறங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக் கோவை, இளம் பெண்களை விபசாரத்தின் பொருட்டு விற்பதையும் வாங்குவதையும் 372ஆம், 373ஆம் பிரிவுகளால் தண்டித்தது. எனினும், பொட்டுக் கட்டுதல் சமயச் சடங்கு என்னும் திரையின் பின்னே நிகழ்ந்தது. குற்ற நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும். சாட்சி சொல்லத்தக்கவரோ அதே வீட்டார். ஆகவே, ஏட்டில் இருந்த சட்டம் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே செல்லவில்லை.

முத்துலட்சுமி அம்மையாருக்கு இத்துயரம் நூலறிவால் மட்டும் தெரிந்ததன்று. 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்த அவருடைய அன்னை சந்திரம்மாள் இக்குலத்தில் தோன்றியவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி அதிபர். ஆடவர் பயிலும் மகாராசாக் கல்லூரியில் மகளைச் சேர்க்க முயன்றபோது, அன்னையின் குலத்தைச் சுட்டி எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தமையால் அக்கதவு திறந்தது. 1912ஆம் ஆண்டில் அவர் சென்னை வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்றார்.

1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் முதற் பெண் உறுப்பினராக அமர்ந்து, அதன் உப தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றுமாறு அரசாங்கத்தை வேண்டும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். சபை அதனை ஏற்றது. 1929ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. தேவதாசியர் மானிய நிலத்தை இழந்துவிடாமலே கோயிலூழியத்தினின்று விடுபட அத்திருத்தம் வழி செய்தது. ஊழியத்தை விட்டால் நிலம் போய்விடும் என்ற அச்சமே பலரைக் கட்டி வைத்திருந்தது. அக்கட்டை முதலில் அறுத்தமை அம்மையாரின் நுண்ணறிவைக் காட்டுகிறது.

எதிர்ப்பு இருபுறத்தினின்றும் வந்தது. மரபு அழியும் என்றும், கலை அழியும் என்றும் சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் வாதாடினர். தேவதாசியர் பலரும் சங்கங் கூடி அரசாங்கத்துக்கு மனு அளித்தனர். தங்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்து இழிதொழிலினர் எனப் பெயரிடுதல் முறையன்று என்பது அவர்தம் முறையீடு. அம்முறையீட்டில் உண்மை இல்லாமலில்லை. பின்னாளில் அவர்களுடைய ஆடற்கலை பரதநாட்டியம் என்ற பெயருடன் நகர மேடைகளிற் பெருமை பெற்றது. அதைக் காத்து வந்த குடும்பங்களுட் பல வறுமையும் பழிச்சொல்லுமே பெற்றன. மறுபுறம், அதே சூழலில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பொட்டுக் கட்டுதலுக்கு எதிராக ஊர்தோறும் பேசினார். 1936இல் நாவல் ஒன்றும் எழுதினார்.

1930ஆம் ஆண்டில் முத்துலட்சுமி அம்மையார் பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அவ்வாண்டே காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்துப் பதவி துறந்தமையால், அம்மசோதாவைத் தொடர்ந்து நடத்த அவர் சபையில் இல்லை. விபசார விடுதிகளை ஒடுக்கும் சட்டமும் சென்னை மாகாணத்தில் அவ்வாண்டே பிறந்தது. பொலிசார் விடுதியை மூடலாம்; நீதவான் சிறுமியை விடுவிக்கலாம். விடுவிக்கப்பட்டவள் மறுநாள் எங்கே போவாள்? உற்றார் ஏற்க மாட்டார், பாடசாலை சேர்க்காது, கையிலே தொழிலும் இல்லை. பழைய வாயிலே மீண்டும் அவளை அழைக்கும்.

இவ்வினாவுக்கு விடையாகவே, தம் வீட்டிற் புகலடைந்த பெண்களைக் கொண்டு அம்மையார் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அது அடையாற்றிலே நிலைபெற்று வளர்ந்தது. சாதி பாராது, ஆதரவற்ற சிறுமியரும் கைவிடப்பட்ட பெண்களும் அங்கே ஏற்கப்பட்டனர். இல்லத்தின் சிறப்பு, பல உதவிகளை ஒரே கூரையின் கீழ் இணைத்தமையே. தங்குமிடமும் உணவும் முதலில். அடுத்துப் பாடசாலைக் கல்வி. அதன்பின் பிழைப்புக்கான பயிற்சி. அங்கு வளர்ந்த பெண்கள் ஆசிரியராகவும் தாதியராகவும் பணிபுரியச் சென்றனர். ‘இன்னார் மகள்’ என்று தூற்றப்பட்டவள் ‘ஆசிரியை’ என்று அழைக்கப்பட்ட நாளிலேதான் அவளுடைய விடுதலை நிறைவெய்தியது.

பொட்டுக் கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டமோ 1937இல் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவைக் காலத்திலும் நிறைவேறவில்லை. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1947ஆம் ஆண்டிலேதான் அது நிறைவேறியது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. சட்டத்துக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னதாகவே இல்லம் எழுந்துவிட்டது என்பது இங்கே கருதத்தக்கது. 1956இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், மீட்கப்பட்ட பெண்களுக்கான காப்பகங்களைச் சட்டத்தின் ஓர் உறுப்பாகவே ஆக்கியது.

முத்துலட்சுமி அம்மையார் 1968ஆம் ஆண்டு மறைந்தார். பெண்ணை விலைப்பொருளாக்கும் கொடுமை அவருடன் மறையவில்லை. உருமாறி எல்லா நாடுகளிலும் தொடர்கிறது. பொலிசார், நீதிமன்றம், வைத்தியசாலை, பாடசாலை ஆகியவை தனித்தனியே தம் கடமையை முடித்துக்கொண்டு விலகினால், இடையிலுள்ள வெளியில் அப்பெண் மீண்டும் விழுவாள். அவ்வெளியை நிரப்பும் பணி, தட்டப்பட்ட ஒரு கதவை அன்றிரவே திறந்ததில் தொடங்கிற்று.