பக்கிங்காம் கால்வாயோரச் சாலைப் பயணம்

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் இடப்பக்கம் வங்கக்கடல். வலப்பக்கம், வீடுகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் பின்னால், பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணத்தில் முடியும் இந்த உப்புநீர்க் கால்வாயின் நீளம் சுமார் 420 கி.மீ. அதில் ஏறத்தாழ 160 கி.மீ. தமிழ்நாட்டில் இருக்கிறது.

மும்பையின் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்து சென்னை சென்ட்ரலில் இறங்கும் தமிழர்கள் இதே கால்வாயின் ஓரத்தில்தான் இறங்குகிறார்கள். ஆனால் நகருக்குள் அது கழிவுநீரால் கறுத்து, 1997இல் மயிலாப்பூரை எட்டிய பறக்கும் ரயிலின் தூண்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. அதை மட்டும் பார்த்துக் கால்வாயை எடைபோட்டுவிடக் கூடாது.

1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய தனியார் கால்வாய் இது. 1837இல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர்களோ ஒருவேளைச் சோற்றுக்காக வந்தவர்கள்.

அந்நாளில் விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் காற்றிருந்தால் பாய் விரித்துப் போகும். காற்று விழுந்தால், ஆட்கள் கரையில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி நடப்பார்கள். 1934இல் மயிலாப்பூரிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் போன பாரதிதாசன், 'மாவலிபுரச் செலவு' கவிதையில் அப்படி இழுத்தவர்களின் பாட்டையும் மறக்காமல் பாடினார். 1965, 1966 புயல்களில் கால்வாய் பெரிதும் சிதைந்தது, போக்குவரத்தும் ஓய்ந்தது. 2004 சுனாமியில் ஏறிவந்த கடல்நீரைப் பல இடங்களில் உள்வாங்கிக் கரையோர ஊர்களைக் காத்ததும் இதே கால்வாய்தான். 2008இல் அறிவிக்கப்பட்ட நான்காம் தேசிய நீர்வழியில் இதுவும் அடக்கம்.

வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டிய முதல் இடம், உத்தண்டி சுங்கச்சாவடிக்குத் தெற்கே உள்ள முட்டுக்காடு. கால்வாய் கோவளம் கழிமுகத்தோடு கலக்கும் இடம் அது. பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் முகத்துவாரம், மறுபக்கம் படகுக் குழாம். காலையில் போவதே நல்லது. மாமல்லபுரத்தில் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பினால் கால்வாயைக் கடக்கலாம்.

மரக்காணம் நெருங்கும்போது சாலையோரம் முழுக்க உப்பளங்கள். பாத்திகளில் வாரிய உப்பைக் குவித்து, மழைக்கு ஓலை வேய்ந்திருப்பார்கள். ஒரு காலத்தில் தோணியேறிப் போன உப்பு இப்போது லாரியேறிப் போகிறது.