ஊர்ப்பெயர் உரைக்கும் வரலாறு - உலு திராம்



மலாய்மொழியில் 'உலு' என்பது ஆற்றின் மேற்பகுதி. 'திராம்' என்பது சிப்பி. சிப்பியோ உப்புநீர் ஏறியிறங்கும் கழிமுகத்தில் வாழ்வது, மேட்டுநிலத்தில் வாழாது. எனவே கழிமுகத்தில் தோன்றிய பெயரே ஆற்றுவழியே மேலேறி இவ்வூரை அடைந்தது எனக் கருதலாம். அக்காலத்தில் ஆறே சாலை. இவ்வூர் அதன் கடைக்கோடி.

1840களில் தெமெங்கோங் இப்ராகிம் ஆட்சியில் ஜொகூரின் ஆற்றங்கரைகள் 'சூராட் சுங்கை' எனும் உரிமைக் கடிதத்தின்வழி சீனத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டன. கங்சூ எனப்பட்ட அவர்கள் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். 1917இல் அம்முறை ஒழிந்தது. அதற்கு முன்பே இரப்பர் காலூன்றியிருந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டபின், கங்காணிகள்வழி வந்த தமிழர் உழைப்பே மலாயாத் தோட்டங்களைத் தாங்கியது. 1938இல் இந்திய அரசு அவ்வாட்சேர்ப்புக்குத் தடை விதித்தது.

பின்னர்ச் சாலை ஆற்றை வென்றது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உலு திராம் உள்ளது. ஆற்றுக்குக் கடைக்கோடியான ஊர் சாலைக்கு முகப்பானது. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் சிங்கப்பூரை அருகில் கொணர்ந்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானதும் அதே நீரிணை பன்னாட்டு எல்லையாயிற்று. இன்று நம்மவர் பலர் விடியுமுன் எழுந்து, கடப்பிதழுடன் அவ்வெல்லையைக் கடந்து பிழைக்கின்றனர்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். மலாய்க்காரர் ஆறுகளுக்குப் பெயரிட்டனர். சீனர் குடியேற்றம் 'கங்கார் தெப்ராவ்', 'கங்கார் பூலாய்' எனும் பெயர்களில் நிலைத்துள்ளது. காட்டைத் தோட்டமாக்கிய தமிழர் பெயரோ நிலப்படத்தில் அரிதினும் அரிது. நம் வரலாறு கோயிலிலும் பள்ளியிலும் பாட்டிமார் நாவிலும் மட்டுமே வாழ்கிறது. லயம், பால்மரம், பெரட்டு, மண்டோர், கிராணி, ஆயாக்கொட்டகை ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆவணமே. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின் அச்சொற்களுக்கு இருப்பிடம் இல்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் லயம், எவ்வாண்டு வெளியேறினர் எனக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நிலப்படம் மறந்ததை நோட்டுப் புத்தகமாவது நினைவில் வைத்திருக்கட்டும்.