குளிர்நாடுகளில் சீமையத்தி

சீமையத்தி மேற்கு ஆசியாவையும் மத்தியதரைக் கடற்கரைகளையும் தாயகமாகக் கொண்ட மரம். வறண்ட, வெயில் மிகுந்த கோடையும் மிதமான குளிர்காலமும் அதற்கு ஏற்றவை. ஆயினும் பாரிஸ் பகுதியில் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதை வளர்த்தார்கள். இங்கிலாந்தில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தும், நியூயோர்க்கின் கொல்லைப்புறங்களில் நூறாண்டுக்கு மேலாகவும் அது பழம் கொடுத்து வருகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை மக்கள் இந்த இனத்தை மரமாக அறிந்ததைவிட உலர்ந்த பழமாக அறிந்ததே அதிகம். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழத்தோடு கடைக்கு வரும் அத்திப்பழம் இதுவே. குர்ஆனின் 95ஆவது அத்தியாயமான அத்தீன் இதன் பெயரையே தாங்கியிருக்கிறது. அடிமரத்திலும் கிளைகளிலும் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் நாட்டு அத்தி இதன் உறவுதான். ஆனால் வேறு இனம். நாட்டு அத்தி ஃபிகஸ் ரசிமோசா, சீமையத்தி ஃபிகஸ் காரிக்கா.

குளவியும் காய்ப்பும்

அத்திப்பழம் என்று உண்ணப்படுவது உண்மையில் உட்புறமாகச் சுருண்ட ஒரு பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அதற்குள் மறைந்திருக்கின்றன. நுனியில் உள்ள கண் போன்ற துளை வழியாக பிளாஸ்டோஃபாகா என்னும் மிகச் சிறிய குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. இந்தக் குளவி காட்டத்தி எனப்படும் ஆண் மரத்தின் காய்களுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். உறைபனி அந்தக் காய்களை அழித்தால் குளவியும் அழியும். குளிர்நாட்டில் அத்திக்கு இதுவே முதல் தடை.

சில வகைகள் குளவி இல்லாமல் காய்க்கவே காய்க்காது. துருக்கியின் புகழ்பெற்ற ஸ்மிர்னா அத்தி அத்தகையது. 1880களில் அதன் போத்துகளைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். மரங்கள் செழித்தன, பிஞ்சுகளோ பழுக்காமல் உதிர்ந்தன. 1899இல் ஃபிரெஸ்னோவில் ஜோர்ஜ் ரோடிங்கின் தோட்டத்தில் குளவி நிலைகொண்ட பிறகே ஸ்மிர்னா அத்தி அங்கே பழுத்தது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காயைப் பழமாக்கும் வகைகளும் உண்டு. ஜோர்தான் பள்ளத்தாக்கின் கில்கால் என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 11,400 ஆண்டுப் பழமையான அத்திப்பழங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை என்றும், மனிதர் போத்து நட்டே அவற்றைப் பெருக்கினார்கள் என்றும் 2006இல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எல்லா அறிஞரும் அதை ஏற்கவில்லை. ஆனால் குளிர்நாடுகளுக்குச் சென்று நிலைத்தவை இந்தக் குளவி வேண்டாத வகைகளே என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது தடை காய்க்கும் முறையில் இருக்கிறது. அம்பாறை நெல் வயல்களுக்குப் பெரும்போகமும் சிறுபோகமும் இருப்பதுபோல, அத்திக்கும் ஆண்டுக்கு இரண்டு போகம். முதற்போகம் சென்ற ஆண்டுக் கிளைகளில் தோன்றிக் கோடையில் பழுக்கும். இரண்டாம் போகம் புதுத் தளிர்களில் தோன்றி இலையுதிர்காலத்தில் பழுக்கும். இலையுதிர்த்து உறங்கும் முதிர்ந்த கிளை சுழியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் வரையான குளிரை ஏறத்தாழத் தாங்கும். குளிர் அதற்கு மேலும் கடுமையானால் கிளை பட்டுப்போகும், மண்ணுக்குள் இருக்கும் வேர் பிழைத்து வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். கிளை பட்டால் முதற்போகம் போய்விடும். புதுத் தளிரின் காய்களோ, பழுப்பதற்குள் அடுத்த உறைபனியில் சிக்கிக்கொள்ளக்கூடும்.

ஆகவே குளிர்நாட்டில் அத்தி வளர்த்தவர்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன. கிளையைக் குளிரிலிருந்து காத்து முதற்போகத்தை எடுப்பது ஒன்று. கிளை பட்டாலும் ஒரே கோடையில் தளிர்த்துக் காய்த்துப் பழுக்கும் வகையைத் தேர்வது மற்றொன்று. ஐரோப்பா பெரும்பாலும் முதல் வழியில் சென்றது, அமெரிக்கா இரண்டாவதைத் தேடியது.

பாரிசும் அர்ஜாந்தேயும்

முதல் வழிக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ரோமப் பேரரசர் ஜூலியனின் எழுத்து. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் லுத்தேசியாவில், அதாவது இன்றைய பாரிசில், குளிர்காலத்தைக் கழித்தார். பின்னர் எழுதிய ‘மிசோபோகோன்’ என்னும் நூலில், அவ்வூரார் சிலர் கோதுமை வைக்கோலாலும் அதுபோன்ற பொருள்களாலும் மரத்தைப் போர்த்தி அத்தி வளர்த்ததைக் குறிப்பிடுகிறார்.

பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னருக்கு அத்திப்பழத்தில் தனி விருப்பம் இருந்தது. வெர்சாய் அரண்மனையின் காய்கனித் தோட்டத்தை 1678க்கும் 1683க்கும் இடையில் அமைத்த லா கான்தினி, அத்திக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். நூற்றுக்கணக்கான மரங்கள் மரப்பெட்டிகளில் வளர்ந்தன. குளிர் தொடங்கியதும் பெட்டிகளைக் கூரைக்குள் இழுத்து வைப்பதும், வசந்தத்தில் வெளியே கொண்டுவருவதும் அங்கே ஆண்டுதோறும் நடந்த வேலை.

மன்னரின் ஆள்பலம் இல்லாத உழவர்கள் பாரிசுக்கு வடமேற்கே, சேன் நதிக்கரை அர்ஜாந்தேயில், மண்ணையே போர்வையாக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் சந்தைக்கு அத்தி அனுப்பிய ஊர்களில் அது முதன்மையானது. அங்கே அத்தியை ஒற்றை மரமாக உயர விடுவதில்லை. தரையிலிருந்தே பல தண்டுகள் சாய்ந்து கிளம்பும் புதராக வளர்ப்பார்கள். நவம்பரில் இலை உதிர்ந்ததும் தண்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, முறியாமல் வளைத்து, பக்கத்தில் வெட்டிய நீண்ட பள்ளத்தில் படுக்கவைத்து மண்ணால் மூடுவார்கள். கடுங்குளிர் கழிந்ததும் மண்ணை நீக்கித் தண்டுகளை மெல்லத் தூக்கிவிடுவார்கள். பிறகு மிகையான மொட்டுகளைக் கிள்ளி, காய்க்கு வேண்டிய இடத்துக்கே சாறு போகச் செய்வார்கள். காய் நிறம் மாறத் தொடங்கும் வேளையில் அதன் கண்ணில் ஒரு சொட்டு ஒலிவ் எண்ணெயைத் தொட்டுவைப்பதும் அவர்கள் வழக்கம். அப்படித் தொட்ட காய் மற்றவற்றைவிடச் சில நாட்கள் முந்திப் பழுத்துச் சந்தைக்குப் போனது. பழுப்பதைத் தூண்டும் எதிலீன் வாயு காய்க்குள் பெருகுவதே இதன் காரணம் என்று இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகள் காட்டின. பண்டைய எகிப்தியர் தங்கள் மண்ணில் வளர்ந்த வேறோர் அத்தி இனத்தின் காயைக் கத்தியால் கீறிப் பழுக்கவைத்ததும் இதே விளைவை நம்பித்தான்.

இங்கிலாந்தின் சுவரோர மரங்கள்

இங்கிலாந்தின் குளிர்காலம் பாரிசினதைவிட மிதமானது. அங்கே குறை கோடையில்தான் இருந்தது; வெயில் போதாது. லண்டன் லாம்பெத் அரண்மனையின் வெள்ளை மார்செய் அத்தியை 1550களில் கான்டர்பரி பேராயராக இருந்த கர்தினால் ரெஜினால்ட் போல் நட்டதாக மரபு சொல்கிறது. ஒக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி மரம், சிரியாவின் அலெப்போவில் பணியாற்றித் திரும்பிய அரபு மொழி அறிஞர் எட்வர்ட் பொக்கொக்குடன் 1640களில் வந்தது.

இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் தென்முகச் சுவரைத் துணைகொண்டார்கள். பகலில் சுவர் வாங்கும் வெப்பம் இரவில் மரத்துக்குக் கிடைக்கும். கிளைகளை விசிறியாகப் பிரித்துச் சுவரில் கட்டினார்கள். ஊட்டமான மண்ணில் அத்தி இலையும் தண்டுமாகக் கொழுத்துக் காய்ப்பைக் குறைக்கும் என்பதால் வேரையும் கட்டுப்படுத்தினார்கள். அறுபது சென்றிமீற்றர் அளவில் கிடங்கு வெட்டி, நாற்புறமும் கற்பலகை நிறுத்தி, அடியில் உடைகல்லை இட்டுக் கெட்டித்து, அதற்குள் கன்றை நடுவது இன்றும் அங்கே பின்பற்றப்படும் முறை. இலையுதிர்காலத்தில் கிளைநுனியில் பட்டாணி அளவில் தெரியும் பிஞ்சுகளை விட்டுவிட்டு, அதைவிடப் பெரிதாகியும் பழுக்காத காய்களைப் பறித்தெறிவார்கள். குளிரைத் தாண்டி அடுத்த கோடையில் பழமாவது அந்தச் சிறு பிஞ்சே. பெரிய காய் மரத்தின் சத்தை வீணாக்கும். பிரவுன் டர்க்கி, பிரன்ஸ்விக் ஆகிய வகைகள் இம்முறையில்தான் அங்கே பெயர்பெற்றன.

குடியேறியவர்களின் கொல்லைகள்

1880க்கும் 1924க்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியரும் சிசிலியரும். ஊர் மரத்தின் போத்துகளைப் பலர் கூடவே எடுத்துவந்தார்கள். புரூக்ளின், பிலடெல்பியா, சிக்காகோ நகரங்களில் சிறு கொல்லைதோறும் அத்தி எழுந்தது. குளிர் வருமுன் கிளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சாக்கும் பழைய கம்பளமும் படங்கும் சுற்றி, மழைநீர் இறங்காமல் உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்ப்பது அவர்கள் வழக்கம். இன்னும் கடுமையான குளிர் உள்ள இடங்களில் ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தை மறுபக்கம் சாய்த்து, பள்ளத்தில் கிடத்தி மூடினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கனடாவின் ரொறன்ரோவில் பெருகிய இத்தாலியக் குடும்பங்களும் இதையே செய்தன.

சாக்குச் சுற்றியும் கிளை பட்டுப்போன ஆண்டுகள் பல. அப்போதும் வேரிலிருந்து துளிர்த்து, அதே ஆண்டில் பழம் கொடுத்த மரங்களின் போத்துகள் அக்கம்பக்கத்தில் கைமாறின. ‘ஹார்டி சிக்காகோ’ என்று இன்று விற்கப்படும் வகை அவ்வாறு தேறியது. சிசிலியின் எட்னா எரிமலைச் சாரலைப் பூர்விகமாகக் கொண்ட மரங்களின் வழியில் வந்ததாக அது கருதப்படுகிறது. தென் மாநிலங்களில் செலஸ்ட் வகை நிலைத்தது. அதன் காயின் கண் மூடியிருப்பதால் மழைநீரும் பூச்சியும் உள்ளே புக முடிவதில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஈரக் காலநிலைக்கேற்ற வகைகளை உருவாக்கியது.

குளிர் தாங்கும் வகை என்பதன் பொருள் இவ்வரலாற்றில் தெளிவாகிறது. எந்தச் சீமையத்தியும் கடும் உறைபனியைக் காயமின்றித் தாங்குவதில்லை. விரைந்து துளிர்ப்பது, புதுத் தளிரிலேயே காய்ப்பது, குளவியின்றிச் சீக்கிரம் பழுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அத்தகைய வகை.

தெற்காசியாவும் கிழக்குக் கரையும்

இமயச் சாரலில் குமாவோன், கர்வால் பகுதி மக்கள் பேடு என்று அழைத்து உண்ணும் அத்தி, சீமையத்திக்கு மிக நெருங்கிய காட்டினம். இந்தியாவில் சீமையத்தி வணிகப் பயிராகச் செழித்தது குளிர் மலைகளில் அன்று, மகாராஷ்டிரத்தின் வறண்ட புரந்தர் வட்டாரத்தில். 2016இல் புரந்தர் அத்தி புவிசார் குறியீடு பெற்றது. மழைக்காலப் பழம் புளிப்பென்றும் கோடைப் பழம் இனிப்பென்றும் அங்கத்திய உழவர்கள் பிரிப்பதிலேயே அத்தியின் இயல்பு தெரிகிறது.

இலங்கையின் குளிர்ந்த மலையகம் ஐரோப்பியப் பயிர்களுக்கு இடமளித்தது. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1848இல் பண்ணை தொடங்கினார். 1861இல் அருகிலுள்ள ஹக்கலையில் கொயினா மரத்துக்காக அரசுத் தோட்டம் அமைந்தது. கோவாவும் கரட்டும் உருளைக்கிழங்கும் அம்மலைகளில் நிலைத்தன, சீமையத்தி வணிகப் பயிராகவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே குளிரும் ஈரமும் நிலவும் அங்கே, பழத்தைத் திரட்டும் சூடான கோடை இல்லை. குளிர்நாடென்றாலும் கோடை உள்ள நாடே அத்திக்கு வேண்டும்.

பாண்டிருப்பில் நிலைமை தலைகீழ். வெயிலுக்குக் குறைவில்லை, உறைபனி என்பதே இல்லை. வடகீழ்ப் பருவமழையின் ஈரமும் கடலோர மணலுமே அங்கே இடர்கள். ஈரத்தில் இலைத் துரு நோய் பரவி இலையை உதிர்க்கும். மணலில் பெருகும் வேர்முடிச்சு நூற்புழு அத்தி வேரைச் சிதைக்கும். இந்த இரண்டுக்கும் பழைய குளிர்நாட்டு முறைகளே பொருந்துகின்றன. நூற்புழு இல்லாத மண்ணை நிரப்பிய பெரிய சட்டியில் வளர்த்தால் வேர் காக்கப்படும். பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரையில் மழை குறைவு. மழை ஓய்ந்ததும் கவ்வாத்து செய்தால் எழும் புதுத் தளிரின் காய்கள் அந்த வறண்ட மாதங்களில் பழுக்க வாய்ப்பு உண்டு. குளிரை வெல்வதற்காகத் தேர்ந்த வகைகள் வெட்டிய கிளையிலிருந்து விரைந்து துளிர்த்துக் காய்ப்பவை என்பதால், உறைபனியே அறியாத கடற்கரையின் கவ்வாத்துக்கும் அவையே ஏற்றவை.