தகட்டில் எழுதிய அரசு: கல்முனைக் கரையோரத்துப் பழைய வாகன இலக்கங்கள் பற்றி

நிலக்கொடைகளைச் செப்பேட்டில் பொறித்த அரசர்களைப் பற்றி நமது ஆய்வாளர்கள் நிறையவே எழுதியுள்ளனர். மோட்டார் வாகனத்தின் முன்னும் பின்னும் திருகப்பட்டிருக்கும் இலக்கத்தகட்டுக்கு அத்தகைய மதிப்பு வாய்க்கவில்லை. ஆயினும் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காரியத்தையே செய்கின்றன. உடைமையொன்றை அரசு தன் பேரேட்டில் ஏற்றுக்கொண்டது என்பதற்கு, அரசு தெரிந்தெடுத்த எழுத்தில், அரசு விதித்த ஒழுங்கில் இடப்படும் சாட்சியே இலக்கத்தகடு. செப்பேட்டின் மொழியைக் கொண்டு ஆளும் வர்க்கத்தின் சார்பை அறிய முயலும் நாம், இதனை மட்டும் வெறுந் தகரமென்று ஒதுக்குவது முறையாகாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பிரச்சினை சிறியது. பழமை வாய்ந்த வாகனமொன்றை இன்றைய சட்டத்தின்கீழ்ப் பதிந்து வைத்திருப்பவர், அதன் பழைய தகட்டையும் காத்துக்கொள்வது எதனைக் குறிக்கிறது? மேனாடுகளில் இது பெரும்பாலும் பொழுதுபோக்காளரின் கேள்வி. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எனத் தொடரும் தமிழ்பேசும் முஸ்லிம் ஊர்களிலோ இதற்கு வேறொரு கனம் உண்டு. இலங்கையில் வாகனம் கைமாறினாலும் பதிவு இலக்கம் வாகனத்தோடேயே தங்குவது பழைய வழக்கம். எனவே 1957க்குப் பின் பதிவாகி இன்றும் ஓடும் பழைய வாகனங்களின் தகட்டிலே, இலக்கங்களுக்கு நடுவில், சிங்கள ‘ஸ்ரீ’ நிற்கிறது. ஒரு காலத்தில் தார் பூசி அழிக்கப்பட்ட எழுத்து அது.

இலக்கத்தகடு முதலாளித்துவ நகரத்தின் பிள்ளை. 1893இல் பாரிஸ் நகரப் பொலிசார் அதனைக் கட்டாயமாக்கினர். பிரித்தானியாவின் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார்ச் சட்டம் 1904 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. குடியேற்ற நாடான இலங்கையும் அவ்வழியே சென்றது. பிற்காலத்தில், ‘சிலோன்’ என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்து சீ.எல்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. முதலான வரிசைகள் வழங்கப்பட்டன. நாட்டின் பெயரையே துண்டுகளாக்கி வாகனங்களுக்குப் பங்கிட்ட இம்முறையிலே, சிங்களத்துக்கோ தமிழுக்கோ இடமிருக்கவில்லை. அன்று அதனை எதிர்த்துத் தார்ச்சட்டி தூக்கியவரும் இல்லை. அந்நிய மொழி இருவருக்கும் ஒருசேர அந்நியமாயிருந்தமையால் அது நடுநிலையானது போலத் தோன்றியது.

கல்முனைப் பகுதியில் மோட்டார் வாகனம் பெற்ற முக்கியத்துவத்துக்குப் புவியியற் காரணம் ஒன்றுண்டு. மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே கல்லடிப் பாலம் 1924இல் அமைந்தது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது. ஆனால் தண்டவாளம் அதற்குத் தெற்கே வரவேயில்லை. வயலிலிருந்து களஞ்சியத்துக்கு நெல்லைக் கரத்தை இழுத்தது. களஞ்சியத்திலிருந்து வெளியூர்ச் சந்தைக்குக் கொண்டுபோக லொறி வேண்டியதாயிற்று. மருதமுனை நெசவும் கரையோர மீனும் அதே வீதியையே நம்பியிருந்தன. போடியாரும் ஆலைக்காரரும் வர்த்தகரும் வாகன உடைமையாளராயினர். வயலில் முல்லைக்காரனாக நின்றவரின் மகன் கிளீனராக ஏறிச் சாரதியாக இறங்கினான். நிலவுடைமை உறவு சக்கரம் பூட்டிக்கொண்டு வீதிக்கு வந்தது எனலாம்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதனையடுத்து 1957 தொடக்கத்திலிருந்து புதிய வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ புகுத்தப்பட்டது. சட்டப் புத்தகத்தை வாசியாதவனும் சந்தியில் நின்று வாசிக்கத்தக்க அரச மொழிப் பிரகடனமாக அது அமைந்தது. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 1957 யூலை 26இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் இயக்கம் ஓய்ந்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் போக்குவரத்து தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அச்சபையின் புதிய பஸ்கள் ஸ்ரீ பொறித்த தகடுகளுடன் மார்ச் மாத இறுதியில் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு மீண்டும் வெடித்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஸ்ரீயின் மேல் தார் ஏறியது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் ஏறியது. ஏப்ரில் 9இல் பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதத்தில் இனவன்செயல் மூண்டது.

இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. தனியார் பஸ் கம்பனிகளின் கொள்ளை இலாபத்துக்கு முடிவு கட்டிய தேசியமயம் முற்போக்கான நடவடிக்கை, அதில் ஐயமில்லை. அந்த முற்போக்கான பஸ்ஸின் நெற்றியிலேதான் பேரினவாதத்தின் எழுத்து ஒட்டப்பட்டது. வர்க்க நலனுக்கான சீர்திருத்தமும் மொழி ஒடுக்குமுறையும் ஒரே வாகனத்தில் பயணஞ் செய்தன. இதனைப் பிரித்தறிந்து மக்களுக்கு விளக்கும் கடமை இடதுசாரிகளுடையது. 1956இல் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் தனிச் சிங்கள மசோதாவை எதிர்த்தே வாக்களித்தன. அது அவற்றின் பெருமை. 1966 ஜனவரி 8இல் தமிழ்மொழி விசேட விதிகளுக்கு எதிராகச் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து அதே கட்சிகள் வீதியில் இறங்கின. இதற்குச் சமாதானங் கூறும் கட்டுரைகள் பலவற்றை நாம் வாசித்துள்ளோம். அவற்றில் எதுவும் நம்மைத் திருப்திப்படுத்தவில்லை.

எழுத்து என்ற நிலையில் நோக்கினும் ஸ்ரீ விசித்திரமானது. அது வடமொழி மங்கலச் சொல். சிங்கள ஸ்ரீயை அழித்தோர் அதனிடத்தில் எழுதியது தமிழ் வரிவடிவிலான அதே ‘ஸ்ரீ’தான். தமிழுரிமைக்காகப் போராடியோர் கிரந்த எழுத்தொன்றைத் தமிழின் கொடியாக ஏந்த நேர்ந்தது. ஒலியைப் பற்றியதல்ல அப்போராட்டம். அரசின் கையெழுத்து யாருடையது என்பதைப் பற்றியது. கல்முனை லொறிக்காரருக்கோ இரண்டு ஸ்ரீயும் சமய வாழ்வில் எவ்விதப் பொருளுமற்றவை. முன்கண்ணாடியில் அவர் தாமாக விரும்பி எழுதிக்கொண்டது 786. அதற்குக் கீழே, அவர் விரும்பாத எழுத்தில், அரசு எழுதிக் கொடுத்தது இன்னொன்று.

இக்கரையோர முஸ்லிம்கள் மொழிப் போராட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்றொரு கருத்து யாழ்ப்பாண மையப்பட்ட எழுத்துகளில் இழையோடுவதுண்டு. 1956 பொதுத் தேர்தலின் முடிவுகள் இதனை மறுக்கின்றன. கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சி வேட்பாளர்களாகவே வெற்றிபெற்றனர். மொழியின் பெயரால் மக்கள் அளித்த வாக்கு அது. பின்னர் இருவரும் கட்சி மாறினர்; முஸ்தபா தகநாயக்க அமைச்சரவையில் நிதி அமைச்சராகவும் இருந்தார். இதனைத் தனிமனிதத் துரோகமாகக் காண்போர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. நிலமும் வர்த்தகமும் வாகனமும் கொண்ட ஒரு மேட்டுக்குடிக்கு, அரசின் அனுமதிப்பத்திரங்கள் இன்றி ஒரு நாளும் கழியாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீரையும் காணியையும் அரசின் கையில் குவித்திருந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானபோது நிருவாகமும் கரையை விட்டு உள்நாட்டுக்குச் சென்றது. கடிதத்துக்கு மறுமொழி சிங்களத்தில் வந்தது. இத்தகைய சூழலில் அரசோடு ஒட்டி நிற்றல் அவ்வர்க்கத்தின் பிழைப்பு நெறியாயிற்று. வாக்களித்த நெசவாளிக்கும் மீனவனுக்கும் வயற்கூலிக்கும் அந்த ஒட்டுதலால் என்ன கிடைத்தது என்பது வேறு விடயம்.

1970–77 காலத்து ஐக்கிய முன்னணி ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாடு பழைய வாகனங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. உதிரிப்பாகம் வராத அக்காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்டினையும் பெட்போர்ட் லொறியையும் ஓட வைத்தவர்கள் கராஜ் தொழிலாளர்களே. உடைந்ததை ஒட்டினர், கிடையாததைக் கடைந்தெடுத்தனர். பழங்கார் பேணல் என்று இன்று பெருமையோடு பேசப்படும் கலையின் மூலவர்கள் இவர்களாவர். 1977இன் திறந்த பொருளாதாரம் யப்பானிய வாகனங்களைக் கொண்டுவந்து இவர்களது கைத்திறனை மலிவாக்கியது. தகட்டு எழுத்தும் காலத்தோடு மாறிற்று. ஸ்ரீ கைவிடப்பட்டு, கோட்டினால் பிரித்த வெறும் இலக்கங்கள் வந்தன. 2000இல் ஆங்கில எழுத்துகள் மீண்டன. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியிருந்தது. எனினும் ஒரு சாண் தகட்டில் இரு மொழிகளுக்கும் இடம் பகிர அரசால் முடியவில்லை. பழைய எசமானின் எழுத்தையே அது மீண்டும் நாடிற்று.

இனி, பழைய தகட்டைப் பேணுதல் பற்றிய சட்டங்களை நோக்குவோம். இந்தியா 2021 யூலையில் இதற்கென விதிகளை வகுத்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவங் குலையாத இரு சக்கர, நாற்சக்கர வாகனங்கள் பழம்பெரும் வாகனங்களாகப் பதியப்படலாம். ஏற்கனவே பதிவுள்ளவை பழைய இலக்கத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு ‘வீ.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட இலக்கம் கிடைக்கும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டின் பின் மறுபதிவுக்கு 5,000. பிரித்தானியாவிலோ, 1983இல் மத்திய கணினிப் பதிவுக்கு மாற்றப்படாத பழைய இலக்கங்கள் செல்லாதாயின. அவற்றை ஆவணச் சான்றுடன் மீட்டுக்கொள்ள ‘வீ 765’ என்னும் முறை ஏற்பட்டது. அவ்வாறு மீட்ட இலக்கத்தை வேறு வாகனத்துக்கு மாற்ற முடியாது. அதே நாட்டில் 1989 முதல் அரசே கவர்ச்சியான இலக்கங்களை ஏலத்தில் விற்று வருகின்றது. இலக்கமே பண்டமாகிவிட்ட சமூகத்தில், விற்க முடியாத இலக்கம் ஒன்றுக்கும் இடம் விடப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. கலிபோர்னியாவில் வாகனம் உற்பத்தியான ஆண்டின் அசல் தகட்டையே தேடியெடுத்துப் பூட்டிக்கொள்ள அனுமதியுண்டு.

இந்திய விதிகளில் நாம் தயங்கி நிற்கும் இடம் ஒன்றுண்டு. பழம்பெரும் வாகனம் எனப் பதியப்பட்டது கண்காட்சிக்கும் பேரணிக்கும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும் திருத்த வேலைக்கும் எரிபொருள் நிரப்பவும் மட்டுமே வீதிக்கு வரலாம். வாணிபத்துக்கும் அன்றாடப் பாவனைக்கும் தடை. அதாவது, உழைப்பை நிறுத்தினால்தான் வாகனம் மரபுச் செல்வமாகும். இதே அளவுகோல் கல்முனைக்கு வருமாயின், கொழும்பில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் கார் வரலாறாகிவிடும். நெல் மூட்டை ஏற்றும் பழைய லொறி வெறும் பழைய இரும்பாகிவிடும். வறுமையினாலும் தேவையினாலும் காக்கப்பட்டது, காசு கொடுத்துக் காக்கப்பட்டதைவிட எவ்வகையில் தாழ்ந்தது?

பழைய இலக்கம் இவ்வூர்களில் பிழைப்போடு எவ்வளவு நெருங்கியது என்பதை 2022 காட்டியது. எரிபொருள் நெருக்கடியின்போது அவ்வாண்டு யூலையில் கியூ.ஆர். முறை வந்தது. வாகன இலக்கமும் சாசி இலக்கமும் திணைக்களப் பதிவோடு ஒத்திருந்தால் மட்டுமே பெற்றோல் கிடைத்தது. தகட்டின் இறுதி இலக்கத்தின்படி நாள் வகுக்கப்பட்டது. இத்தகைய வேளையில், பல கைகள் மாறி இயந்திரமும் சாசியும் மாற்றப்பட்ட வாகனத்துக்குப் பதிவு ஏடே உயிர்நாடி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீடுகளோடு ஆவணங்களும் அள்ளுண்டன. உறுதி போயிற்று, பிறப்புச் சான்று போயிற்று, வாகனப் பதிவுப் புத்தகமும் போயிற்று. தகரத்தில் எழுதியது தாளில் எழுதியதைவிட நிலைத்து நின்ற சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

சிங்கள ஸ்ரீயைத் தமிழ்பேசுவோர் ஒருவர் தம் காரில் ஏன் பேண வேண்டும், புதிய தகட்டை மாட்டி அவமானத்தைத் துடைத்துவிடலாமே என்று கேட்கப்படுவதுண்டு. இவ்வாதத்தின் உணர்ச்சியை நாம் மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. அடக்குமுறையின் சான்றை அடக்கப்பட்டவரே அழித்துவிட்டால், பின்வரும் தலைமுறைக்கு அதனை மெய்ப்பிப்பது எவ்வாறு? பேணத்தான் வேண்டும். மெருகிட்டு விழாவில் நிறுத்துவதற்காக அன்று. அதன் மேல் தார் இருந்த கதையோடு சேர்த்து. மினுக்கிய தகட்டில் அந்தக் கதை தெரியாது.

பழந்தகட்டுப் பதிவுக்கென இலங்கையில் தனி விதி ஆக்கப்படுமாயின், தொழிலில் உள்ள வாகனங்களும் அதனுள் அடங்க வேண்டும். கட்டணம் சாரதி ஒருவரால் செலுத்தத்தக்கதாயிருக்க வேண்டும். விதி வரும்வரை பல்கலைக்கழகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. வாகனம் உடைக்கப்படும்போது இரும்பு நிறைக்குப் போகும் தகடுகளை ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனம் சேகரிக்கலாம். ஒவ்வொரு தகட்டோடும் அதனை ஓட்டியவரின் வாய்மொழியையும் பதிய வேண்டும். இதில் காலம் தாழ்த்த முடியாது. 1958இல் 20 வயதுக் கிளீனராக பஸ்ஸின் பின்படியில் நின்றவர் இன்று 85ஐக் கடந்துவிட்டார்.