கிரீன் டீயை எப்போது குடிப்பது? எண்ணூறு வருஷத்துக் கேள்வி

கிரீன் டீயை வெறும் வயிற்றில் குடிக்கலாமா? சாப்பிட்ட உடனே குடிக்கலாமா? ராத்திரி? வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு பதில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு செய்தியில் தொப்பை கரைகிறது, இன்னொன்றில் புற்றுநோய் ஓடிப்போகிறது. இந்தப் பேச்செல்லாம் ஏதோ பத்துப் பதினைந்து வருஷமாகத்தான் நடக்கிறது என்று நினைத்தால் அது தப்பு. தேநீரை மருந்தாகப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால், இன்றைய கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

போதிதர்மரின் இமை

முதலில் நம்ம ஊர்க் கதை ஒன்று. காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் போதிதர்மர், தியானத்தில் தூங்கிவிட்ட கோபத்தில் தன் இமைகளை வெட்டி எறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாம். ஜப்பானில் ரொம்பப் பிரபலமான கதை இது.

கதை அழகுதான், ஆனால் காலக்கணக்கு உதைக்கிறது. போதிதர்மர் சீனா போனது கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு. சீனாவின் ஷியான் நகருக்குப் பக்கத்தில் ஹான் வம்சப் பேரரசர் ஜிங்கின் சமாதி இருக்கிறது. அவர் இறந்தது கி.மு. 141இல். அங்கே புதைகுழியில் கிடைத்த இலைக் குவியலில் தேயிலை மொட்டுகள் இருந்ததை ஆய்வாளர்கள் 2016இல் உறுதிப்படுத்தினார்கள். போதிதர்மர் போவதற்குப் பல நூறு வருஷம் முன்பே அங்கே தேயிலை இருந்திருக்கிறது.

ஆனாலும் கதைக்குள் ஒரு உண்மை இருக்கிறது. பௌத்தத் துறவிகள் தேநீரைப் பிடித்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் அது தூக்கத்தை விரட்டியதுதான். அதாவது, தேநீருக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை முதலில் கண்டுகொண்டவர்கள் ராத்திரி கண் விழிக்க வேண்டியிருந்த சாமியார்கள்.

எய்சாய் எழுதிய புத்தகம்

1191இல் எய்சாய் என்ற ஜப்பானியத் துறவி சீனாவிலிருந்து ஊர் திரும்பினார். ஜென் பௌத்தத்தோடு தேயிலை விதைகளையும் கொண்டுவந்தார். அதற்கு முன்பே ஜப்பானில் தேநீர் தெரியும், ஆனால் வழக்கொழிந்து கிடந்தது. 1211இல் அவர் ‘கிஸ்ஸா யோஜோகி’ என்ற நூலை எழுதினார். தேநீர் குடித்து உடம்பைப் பேணுவது எப்படி என்பதுதான் பொருள்.

அவர் வாதம் நம்ம சித்த மருத்துவம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். உடம்பில் ஐந்து முக்கிய உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை. கல்லீரலுக்குப் புளிப்பு, நுரையீரலுக்குக் காரம், மண்ணீரலுக்கு இனிப்பு, சிறுநீரகத்துக்கு உப்பு, இதயத்துக்குக் கசப்பு. ஜப்பானியர்கள் மற்ற நாலையும் சாப்பிடுகிறார்கள், கசப்பை மட்டும் விட்டுவிடுகிறார்கள், அதனால் இதயம் கெடுகிறது, தேநீர்தான் அதற்கு மருந்து என்றார்.

1214இல் ஷோகன் மினமோட்டோ நோ சனேட்டோமோ முந்தின ராத்திரி குடித்த மதுவின் மயக்கம் தெளியாமல் அவதிப்பட்டபோது, எய்சாய் ஒரு கோப்பைத் தேநீரையும் தேநீரின் பெருமை பேசும் நூலையும் அவருக்குக் கொடுத்ததாக அக்கால வரலாற்று ஏடு பதிவு செய்திருக்கிறது. ‘ஹேங்ஓவர்’ மருந்தாக அரண்மனைக்குள் போயிருக்கிறது கிரீன் டீ! தேநீரில் உள்ள கஃபீன் மந்தத்தைக் கொஞ்சம் போக்கியிருக்கும், அவ்வளவுதான்.

மிச்சியோ சுஜிமுரா

எய்சாய் சொன்ன கசப்பு என்பது என்ன? அதற்குப் பதில் கிடைக்க 700 வருஷத்துக்கு மேல் ஆனது. கொடுத்தவர் ஒரு பெண்.

மிச்சியோ சுஜிமுரா 1888இல் பிறந்தவர். ஆராய்ச்சி செய்ய ஹொக்கைடோ பேரரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பெண்களை மாணவர்களாகச் சேர்ப்பதில்லை. சம்பளமே இல்லாத உதவியாளராகச் சேர்ந்து பட்டுப்புழுவின் உணவைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு டோக்கியோ. 1923இல் வந்த பெரும் பூகம்பத்தில் அந்த ஆய்வகம் அழிந்தது. ரிக்கென் ஆய்வு நிறுவனத்துக்கு மாறி, 1924இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து கிரீன் டீயில் வைட்டமின் சி இருப்பதைக் காட்டினார். 1929இல் கேட்டச்சின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். கசப்புக்கும் துவர்ப்புக்கும் முக்கியக் காரணம் இந்தக் கேட்டச்சின் குடும்பம்தான். 1932இல் டாக்டர் பட்டம் பெற்றார். வேளாண் அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர்.

கிரீன் டீயும் நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீயும் ஒரே செடிதான். பறித்த உடனே இலையை ஆவியில் காட்டினாலோ சட்டியில் வறுத்தாலோ அதன் நொதி செத்துவிடும், இலை பச்சையாகவே நிற்கும், கேட்டச்சின்கள் தங்கும். அப்படிச் செய்யாமல் இலையைக் கசக்கி விட்டுவிட்டால் அவை பெரும்பாலும் வேறு பொருள்களாக மாறிவிடும், இலை கறுத்துப்போகும். வித்தியாசம் இவ்வளவுதான்.

எண்கள் சொல்வது

சரி, பலன் எவ்வளவு? ஜப்பானின் ஓசாகி பகுதியில் 40,530 பேரை 11 வருஷம் கவனித்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு நாளைக்கு ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்த பெண்களோடு ஒப்பிட்டால், ஐந்து அல்லது அதற்கு மேல் குடித்த பெண்களிடம் இதய, ரத்தநாள நோய்களால் வந்த மரணம் 31 சதவீதம் குறைவு. ஆண்களிடம் 22 சதவீதம். ஆனால் புற்றுநோய் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இது கவனித்துப் பார்த்த ஆய்வு என்பதால், டீதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

உடம்பு இளைக்குமா? ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த காக்ரேன் அறிக்கையின்படி, குறையும் எடை பொருட்படுத்த முடியாத அளவு. அவசரப்பட்டு கிரீன் டீ மாத்திரைக்குப் போகாதீர்கள். ஈஜிசிஜி என்ற கேட்டச்சினை மாத்திரை வடிவில் நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

அப்போ, எப்போ?

நன்மை பற்றிய பேச்சைவிட நேரம் பற்றிய பேச்சில்தான் உறுதியான அறிவியல் இருக்கிறது. நமக்கு அது மிக முக்கியம்.

அரிசி, பருப்பு, கீரை போன்ற சைவ உணவில் உள்ள இரும்புச்சத்தைத் தேநீரின் பாலிஃபீனால்கள் பிடித்துக்கொள்கின்றன, உடம்பு எடுக்க விடுவதில்லை. 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அரிசிச் சாப்பாட்டிலேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். 2017இல் பெண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், சாப்பாட்டோடு குடிப்பதற்குப் பதில் ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது அந்தத் தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதில் கொடுத்தது கருப்புத் தேநீர். கிரீன் டீக்கும் இதே தர்க்கம்தான், பால் டீயும் தப்பவில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த நாட்டில் ‘சாப்பிட்டதும் கிரீன் டீ குடிங்க, கொழுப்பு கரையும்’ என்ற அறிவுரை விளையாட்டு விஷயம் இல்லை.

எனவே:

சாப்பாட்டோடு வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். காலை பதினொன்று, மாலை நாலு மாதிரி இடைவேளைகள் சரி.

வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். அவர்கள் ரெண்டு பிஸ்கட்டோடு குடிக்கலாம்.

ராத்திரி வேண்டாம். கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். துறவிகள் விழித்திருக்கக் குடித்ததை நாம் தூங்கக் குடிப்பானேன்?

கொதிக்கக் கொதிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016இல் வகைப்படுத்தியது.

வார்ஃபரின், நாடோலால் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ ரத்தசோகை உள்ளவரோ இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? அதை டீயோடு விழுங்குகிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். மாத்திரை தண்ணீரோடு போகட்டும். டீ அப்புறம் வரட்டும்.