கோல்ஃப் மட்டை: எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதே முக்கியம்

பந்து மட்டை முகத்தின் நடுவில் பட்டால் நேராகப் போகும். ஓரத்தில் பட்டால் மட்டையின் தலை திருகிக்கொள்ளும். பந்து திசை மாறும், தூரமும் குறையும்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் இதற்கு வழி கண்டார். பந்தை உருட்டும் ‘பட்டர்’ மட்டையின் எடையை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் நகர்த்தினார். இரு முனையிலும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைச் சட்டென்று திருப்ப முடியாதல்லவா? அதே கணக்குதான்.

இரும்பு மட்டைகளிலும் இம்முறை வந்தது. பின்புறம் குழிவாக இருந்தால், எடை விளிம்புகளில் இருக்கிறது என்று பொருள். பழைய மட்டை வாங்கும் புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பந்தை விரும்பியபடி வளைத்து அடிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர்களில் சிலர் குழிவில்லாத மட்டையை விரும்புவார்கள்.

தொலைதூரம் அடிக்கும் ‘டிரைவர்’ தலையின் எடை சுமார் 200 கிராம். அதன் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. டைட்டானியச் சுவரை மெலிதாக்கி, மிச்சமாகும் எடையைக் கீழும் பின்னும் வைத்தால் பந்து எளிதாக மேலெழும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து அடிக்கடி வலப்பக்கம் வளைந்தால், எடைத் திருகாணியைத் தண்டின் பக்கம் நகர்த்துவது உதவும்.

ஆனால் அதை ஆட்டத்திற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே எடையை மாற்றி, அந்த மட்டையால் அடித்தால் போட்டித் தகுதியே பறிபோகும்.