காலடியில் அதிர்ந்த மண்

புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. கடற்கரைத் தமிழர்க்கு இடர் அலையாக வந்தது. கடலுக்கு நெடுந்தொலைவில், மைசூர் மேட்டுநிலத்தில் குடியேறிய நம் முன்னோர்க்கோ அது காலடியிலிருந்தே வந்தது. கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் எடுத்த பொன்னின் அளவைக் கூறுவர், ஆழத்தைக் கூறுவர். அந்நிலத்தின்மேல் குடும்பம் நடத்தியவர்கள் எவ்வாறு விழிப்போடு வாழ்ந்தனர் என்பதை எழுதுவோர் அரியர்.

1880 இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குத் தொழில் தொடங்கினர். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். மூங்கில் தட்டிகளால் அமைந்த லைன் வீடுகளே அவர்களுக்குக் கிடைத்த உறைவிடம். 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆனால் அது சுரங்கத்திற்கு வந்த மின்சாரம். லைன்களில் அதன்பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

கனிப்பாறையை வெட்டி எடுத்தபின் பூமிக்குள் வெற்றிடம் எஞ்சுகிறது. மேலுள்ள பாறையின் பாரம் முழுவதும் சுற்றியுள்ள கடும்பாறையின்மேல் ஏறுகிறது. தாங்கும் வரை தாங்கிய பாறை ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். இதனையே பாறைவெடிப்பு என்பர். தொடக்கக் கால வெள்ளையர் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். சுரங்கம் ஆழமாக ஆழமாக இத்துன்பமும் வளர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து சென்றது. மரத்தால் முட்டுக் கொடுத்தனர். பின்னர்க் கருங்கல் சுவர் எழுப்பினர். அதன்பின் கான்கிரீட்டால் நிரப்பினர். பாறை அடங்கவில்லை. 1912 இல் நில அதிர்வுமானி ஒன்று நிறுவப்பட்டது. 1978 இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரின் முயற்சியால், வெடிப்பு நிகழும் இடத்தைக் கண்டறியும் கருவித் தொகுதி அமைந்தது. அறிவியலுக்கு இவை பெருஞ்சாதனைகளே. ஆயினும் அக்கருவிகள் நடந்து முடிந்ததைப் பதிந்தனவேயன்றி, நடக்கப்போவதை எந்தத் தாய்க்கும் முன்கூட்டி உரைக்கவில்லை.

ஆகவே வீடுகள் தாமே தம் முறையை வகுத்துக் கொண்டன. எம் பாட்டியார் பரண்மேல் பித்தளைத் தவலையையோ அம்மிக் குழவியையோ ஒருநாளும் ஏற்றியதில்லை. கனமானவை யாவும் தரையில்தான் இருக்கும். தலைமாட்டுச் சுவரில் படம் மாட்டுவதற்கும் இசையமாட்டார். "அதிர்ந்தால் முதலில் கதவைத் திறடா" என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட முதற்பாடம். நிலை கோணிவிட்டால் கதவு இறுகிக்கொள்ளும் என்பதை அவர் எந்நூலிலும் படித்தறிந்தவரல்லர். அடுத்த வேலை, அடுப்பில் நீர் தெளிப்பதும் விளக்கை அணைப்பதும். தட்டிவீடு இடிந்து ஆளைக் கொல்லாது, தீப்பிடித்துக் கொல்லும். செங்கல் வீட்டிலோ அச்சம் தலைகீழானது. எளியவனின் குடிசை ஒருவகையில் பாதுகாப்பாயிருந்தது என்று பெருமை பேச நாம் துணியமாட்டோம். அது வேறு போக்கின்றி வாய்த்த பாதுகாப்பு.

நிலம் அதிர்ந்து நின்றதும் வீட்டைப் பற்றிய கவலை முடிந்துவிடும். அடுத்த கவலை பூமிக்குள் இருப்பவரைப் பற்றியது. இன்று யார் எந்த ஷிப்டு, யார் எந்தச் சுரங்கம் என்பது லைனில் உள்ள பெண்கள் அனைவருக்கும் மனப்பாடம். தம் வீட்டார் மட்டுமல்லர். பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார் நிலையும் அறிந்திருப்பர். சுரங்க வாயிலுக்கு ஓடுபவள் கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்பது முன்னரே பேசி முடிந்த செய்தி. காயம்பட்டவனைப் பார்க்க மருத்துவமனைக்கு ஒருத்தி, ஊருக்குத் தந்தி கொடுக்கத் தபால் நிலையத்திற்கு ஒருவன் என்று வேலை தானாகப் பிரியும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். வேலைச் சீட்டு, சம்பளத் தாள்கள், வருங்கால வைப்புநிதித் தாள், ரேஷன் அட்டை, சேமித்த சில ரூபாய், சொந்த ஊர் முகவரி ஆகியவை அதனுள் அடங்கும். புறப்படும்போது பிள்ளைக்கு அடுத்துத் தூக்கவேண்டியது அது. எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மையார், கணவர் இறந்தபின் தமக்குரிய தொகைக்காக ஓர் அலுவலகத்தின் படிகளில் பல மாதம் ஏறி இறங்கினார். ஒரு தாள் குறைவென்று திருப்பி அனுப்பினர். அதன்பின் அந்த லைனில் பெட்டியைத் திறந்து தாள்களைச் சரிபார்ப்பது பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப் போல ஆண்டுதோறும் நிகழும் வேலையாயிற்று.

2001 சனவரி 26 அன்று குஜராத்து நிலநடுக்கம் நாட்டையே உலுக்கியது. பெருந்துயர்ப் படங்களைப் பார்த்து நம்மவர் கலங்கியிருந்த வேளையில், பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இம்முறை பாறை வெடிக்கவில்லை. சங்கு ஒலிப்பது நின்றது. நீரிறைக்கும் எந்திரங்கள் ஓய்ந்தபின் சுரங்கங்களில் நீர் ஏறியது. வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் போய்வரத் தொடங்கினர். பலர் அங்கேயே குடியேறினர். நிலுவைத் தொகைக்கும் வீட்டுரிமைக்கும் சான்று கேட்டபோது, பாறைவெடிப்புக்கு அஞ்சிக் காத்த தகரப் பெட்டியே மீண்டும் திறக்கப்பட்டது.

எம் வீட்டுப் பெட்டி இன்று பெங்களூரில் மூன்றாம் மாடியில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பாட்டியார் மூடியின் உட்புறம் ஒட்டிவைத்த ஊர் முகவரியை இன்றும் படிக்க முடிகிறது.